குட்டி யானை ஓட்டினேன்

2004ஆம் வருடக் கோடையில் ஒரு மதியம், மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஒன்றில் ஏறப் போனேன். ஒரு கால் வண்டிக்குள் இருந்தது, இன்னொரு கால் தரையில். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பாமலே சொன்னான்.

"ரெண்டு டிக்கெட்டுன்னா ஏறு. இல்லன்னா அடுத்த வண்டி பாத்துக்கோ."

உள்ளே இருந்த ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பையை மடியில் வைத்திருந்த ஒரு பெரியவர் எனக்குப் புரிய வைப்பதுபோலச் சொன்னார். "அவன் சொல்றதும் நியாயந்தானம்மா. நீ உக்காந்தா ரெண்டு பேரு எடம் போயிடும்ல?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். காலை வெளியே எடுத்துக்கொண்டேன். ஆட்டோ கிளம்பிப் போனது. எங்கள் ஊர் உப்பளங்களுக்கு அந்தப் பக்கம். நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அன்றைக்கு நடந்தேன்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பாண்டிச்சேரிக்குப் போய் வந்து பி.ஏ. முடித்திருந்தேன். ஆள் நல்ல உயரம். எடை நூறு கிலோவைத் தாண்டிய பிறகு தராசில் ஏறுவதை விட்டுவிட்டேன். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் கூலி வேலை செய்தார்கள். இரண்டு பேரும் வெயிலில் காய்ந்து சுள்ளி போல இருப்பார்கள். தங்கையும் ஒல்லி. நாங்கள் நால்வரும் ஒரே பானைச் சோற்றைத்தான் சாப்பிட்டோம். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்ததும் நிறுத்திக் கேட்பார்கள்: "அவங்க சோத்தையும் சேத்து நீயே துன்னுடுவியா?"

நான் துன்னவில்லை. பத்து வயதிலிருந்தே என் உடம்பு அப்படித்தான். ஒரு வருடம் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுப் பார்த்தேன். மயக்கம் வந்ததே தவிர உடம்பு குறையவில்லை.

டிகிரி முடித்து வேலை கிடைக்காமல் இருந்த சமயம், அம்மாவோடு உப்பளத்துக்காவது போகலாம் என்று போனேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். உப்புப் பாத்திகளுக்கு நடுவே வரப்பு ஒரு அடி அகலம்தான் இருக்கும். தலையில் கூடையோடு அதன்மேல்தான் நடக்க வேண்டும். "வேணாம் தாயி. நீ நடந்தா வரப்பு ஒடைஞ்சி ரெண்டு பாத்தியும் ஒண்ணாயிடும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அவள் ஏன் சிரித்தாள் என்று எனக்குத் தெரியும். சிரிக்காவிட்டால் மறுநாள் அவளுக்கும் வேலை இருக்காது. பாண்டிச்சேரியில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ் கேர்ள் வேலைக்குக் கேட்டபோது முதலாளி இன்னும் மரியாதையாகச் சொன்னார். "கவுண்டருக்குப் பின்னாடி எடம் கம்மிங்க." என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று குடும்பமும் காபி குடித்துவிட்டு, அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "டாக்டர் கிட்ட காட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கல்யாண வீடுகளில் நான் உட்காரப் போனால் யாராவது ஓடி வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் இன்னொன்றைச் சொருகிப் போடுவார்கள். எல்லாரும் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அன்று நடந்தேன். இரண்டு பக்கமும் வாரிக் குவித்த உப்பு, கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை. பாதி வழியில் ஒரு புளியமர நிழலில் நின்றபோது அந்த ஆட்டோக்காரன் ஞாபகம் வந்தது. அவனும் ஒல்லி இல்லை. அவன் தொப்பை ஹேண்டில்பாரில் இடித்துக்கொண்டிருந்தது. அவனுடைய இரண்டு பக்கமும் ஆளுக்கு அரை இடத்தில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள்கூட அவனை நகரச் சொல்லவில்லை. ஒரு வண்டியில் டிரைவர் சீட்டில் இருப்பவன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் யாரும் கேட்பதில்லை.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னேன். "நான் டிரைவிங் கத்துக்கப் போறேன்."

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வெயில்ல நடந்து வந்தியா? மோர் குடி."

தங்கை மட்டும், "எப்பக்கா சேரப் போற?" என்று கேட்டாள்.

பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, தங்கை படிப்புச் செலவு போகச் சேர்த்ததைக் கொண்டுபோய்க் கோட்டக்குப்பத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கட்டினேன். சொல்லிக் கொடுத்தவனுக்கு என் வயதுதான் இருக்கும். விசா வந்ததும் துபாய்க்குப் பறக்கக் காத்திருந்தான். வேலையில் மனசு பாதிதான். முதல் நாளே, "மேடம், நீங்க பின்னாடி உக்காருங்க. முன்னாடி உக்காந்தா வண்டி ஒரு பக்கமா சாயுது" என்றான். என்னோடு சேர்ந்த மூன்று பையன்களும் மாறி மாறி ஓட்டினார்கள். நான் பின் சீட்டில் உட்கார்ந்து, அவன் அவர்களைத் திட்டுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். கிளட்சை எப்போது விட வேண்டும், எந்தச் சத்தத்துக்கு கியர் மாற்ற வேண்டும் என்பதெல்லாம் காது வழியாகவே வந்து சேர்ந்தது. ஆனால் அந்த வாரம் முடியும்வரை ஸ்டியரிங்கை நான் தொடவே இல்லை.

திங்கட்கிழமை காலை அவன் வழக்கம்போலப் பின் கதவைத் திறந்தான். நான் சுற்றிப் போய் டிரைவர் கதவருகில் நின்றேன்.

"தம்பி, நானும் பீஸ் கட்டியிருக்கேன். வண்டி சாஞ்சா சாயட்டும்."

"கோச்சிக்காதீங்க மேடம். ஸ்டியரிங் வயித்துல இடிக்கும். உங்களுக்குத்தான் கஷ்டம்."

"இடிச்சா எனக்குத்தான வலிக்கும்? நீ ஏன் கவலப்படற?"

பையன்கள் சிரித்தார்கள். இந்த முறை என்னைப் பார்த்து இல்லை, அவனைப் பார்த்து. அவன் சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளினான். கால் நீளம் எனக்கு உதவியது. ஸ்டியரிங் வயிற்றில் உரசியது, இடிக்கவில்லை. கிளட்சை மெதுவாக விட்டேன். வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் நகர்ந்தது. அவன், "ஏற்கெனவே ஓட்டியிருக்கீங்களா மேடம்?" என்றான். வாயைத் திறந்தால் கத்திவிடுவேன் போலிருந்தது.

வெள்ளைக்காரர்கள் நிறைய நடமாடும் குயிலாப்பாளையத்துக்குப் போகும் செம்மண் பாதையில்தான் ஓட்டிப் பழகுவோம். ஒரு நாள் என்னைவிடப் பெரிய வெள்ளைக்கார அம்மா ஒருத்தி, கையில்லாத சட்டையோடு மொபெட்டில் எங்களைத் தாண்டிப் போனாள். டீக்கடையில் இருந்த யாரும் தலை நிமிரவில்லை. அதே கடையில் அரை மணிக்கு முன்னால் நான் இறங்கித் தண்ணீர் குடித்தபோது ஒருவன் விசிலடித்திருந்தான்.

"அவங்கள மட்டும் ஏம்பா யாரும் கிண்டல் பண்ணல?" என்று கேட்டேன்.

"அவங்க ஃபாரினர் மேடம்" என்றான் அவன், எல்லாம் அதிலேயே அடங்கிவிட்டதுபோல.

லைசென்ஸ் டெஸ்டுக்குத் திண்டிவனம் போனோம். பக்கத்தில் உட்கார்ந்த இன்ஸ்பெக்டர் காகிதத்தையும் என்னையும் பார்த்தார். "நீங்கதான் ஓட்டப் போறீங்களா? இல்ல, யாருக்காவது துணைக்கு வந்தீங்களா?"

"நான்தாங்க."

ஒரு மேட்டில் பாதியில் நிறுத்தச் சொன்னார். பின்னால் ஒரு பஸ் ஒட்டி வந்து நின்று ஹாரனடித்தது. "இப்ப எடுங்க" என்றார். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, இஞ்சின் சத்தம் மாறுகிறவரை பொறுத்து, விட்டேன். ஒரு விரல் அளவுகூடப் பின்னால் உருளாமல் வண்டி மேட்டில் ஏறியது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

லைசென்ஸ் வந்தது, வேலைதான் வரவில்லை. ஒரு பள்ளிக்கூட வேனுக்குக் கேட்டேன். "பேரன்ட்ஸ் என்ன சொல்லுவாங்க?" என்றார்கள். ஒரு டிராவல்ஸில், "பொம்பள டிரைவருன்னாலே கஸ்டமர் யோசிப்பான். அதுலயும்..." என்று சொல்லிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அந்த மீதியை நானே முடித்துக்கொண்டேன். அந்த வருடம் டிசம்பரில் கடல் வந்தது. எங்கள் ஊர் உள்ளே தள்ளி இருந்ததால் தப்பித்தோம். கழுவெளிச் சதுப்பு ஏரி வழியாகத் தண்ணீர் ஏறி உப்பளங்களைக் கலக்கியதோடு போயிற்று. கடற்கரைக் குப்பங்களில் படகும் வலையும் வீடும் போயின. ஆட்களும் போனார்கள். அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை, அதை அனுபவித்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் குப்பங்களில் ஒன்றில் மீன் விற்கும் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். மீன் கூடையோடு ஏறினால் நாறுகிறது என்று கண்டக்டர்கள் அவர்களை இறக்கிவிடுவது வழக்கம். மறு வருடம் உதவி செய்ய வந்தவர்கள் அந்தக் குழுவுக்கு ஒரு சின்ன லோடு வண்டி வாங்கிக் கொடுத்தார்கள். வண்டி வந்தது, டிரைவர் நிலைக்கவில்லை. ஒருவன் குடித்துவிட்டு வந்தான். இன்னொருவன் வரவே இல்லை. நான் அதற்குள் லோடு வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜும் வாங்கியிருந்தேன். கேள்விப்பட்டதும் ஒரு சாயங்காலம் குப்பத்துக்குப் போனேன்.

குழுத் தலைவி நாற்பது வயதுக்காரி. ஆள் மெலிசு, குரல் கனம். மணலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தவள் ஒளிவுமறைவில்லாமல் கேட்டாள்.

"இன்னாம்மா, நீ உள்ள ஏறி உக்காந்தா கதவு சாத்துமா?"

இருபது பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறாள்.

"சாவி குடுங்கக்கா. சாத்திக் காட்டறேன்."

கொடுத்தாள். ஏறினேன். அந்த வண்டியில் சீட்டைப் பின்னால் தள்ளவும் முடியாது. மூச்சை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன். சாத்தியது. மூச்சை விட்டேன். அப்போதும் சாத்தியபடியே இருந்தது. குப்பத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினேன்.

"காலைல அஞ்சு மணிக்கு வந்துடு" என்றாள் தலைவி. நண்டுப் பக்கம் திரும்பிவிட்டாள்.

முதல் நாளே வண்டி மணலில் புதைந்தது. மீன் ஏற்றிக்கொண்டு கரையிலிருந்து பாதைக்குத் திருப்பும்போது பின் சக்கரம் இரண்டும் சுழன்று உள்ளே போய்விட்டது. படகோரம் நின்றிருந்த ஆண்களுக்குக் காலையிலேயே வேடிக்கை கிடைத்தது. "வண்டி பொதையலப்பா, டிரைவரு வெயிட்டு அழுத்துது!" என்று ஒருவன் கத்தினான். "எறங்கச் சொல்லு, வண்டி தானா மேல வந்துடும்!"

நான் இறங்கினேன். வண்டி மேலே வரவில்லை. அவனைத் திரும்பிப் பார்த்து, "எறங்கிட்டேன் அண்ணே. வரலியே" என்றேன். முதல் முறையாக அப்படி ஒருவனுக்கு முகத்துக்கு நேராகப் பதில் சொன்னேன். பெண்கள் ஓவென்று சத்தம் போட்டார்கள். தலைவி தென்னமட்டைகளை இழுத்துவந்து போட்டாள். சக்கரத்துக்கு அடியில் அவற்றைத் திணித்துவிட்டு நான் ஏறிக்கொண்டேன். பெண்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். வண்டி உறுமிக்கொண்டு கெட்டித் தரைக்கு ஏறியபோது தலைவி ஆண்கள் பக்கம் திரும்பி, "இப்ப யாரு வெயிட்டுடா அழுத்துது? போயி வலயப் பாருங்கடா!" என்று கத்தினாள்.

அந்தச் சின்ன லோடு வண்டியை எல்லா ஊரிலும் குட்டி யானை என்றுதான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதனால் விடிகாலையில் குப்பத்துக்குள் நுழையும்போது, "குட்டி யானை வந்துட்சி, குட்டி யானை வந்துட்சி" என்ற குரல்கள் கேட்டால் முதலில் எனக்குச் சுருக்கென்றிருந்தது. அவர்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதைப் பார்க்கப் பார்க்க அது போய்விட்டது. காத்திருந்தவர்களின் குரல் அது. சில மாதங்களில், வண்டியைச் சொல்கிறார்களா என்னைச் சொல்கிறார்களா என்று யோசிப்பதையே விட்டுவிட்டேன்.

திண்டிவனம், பாண்டிச்சேரி, உள்ளூர்ச் சந்தைகள் என்று எல்லா இடத்துக்கும் போனோம். என் உடம்பு குறையவில்லை. அதைப் பற்றிய பேச்சுத்தான் குறைந்தது. செக்போஸ்டில் போலீஸ்காரர்கள் வணக்கம் சொல்லுமளவுக்குப் பழகிவிட்டார்கள். வீட்டுக்குள் மட்டும் எதுவும் மாறவில்லை என்பது 2006இல் தெரிந்தது.

தங்கைக்கு வரன் பார்த்தார்கள். அவள் குயிலாப்பாளையத்தில் ஊதுபத்திப் பட்டறை ஒன்றில் வேலை செய்தாள். மாப்பிள்ளை இரும்பை என்ற ஊரில் விவசாயக் குடும்பம், எலக்ட்ரீஷியன் வேலை. அத்தை, அப்பாவின் அக்கா, கொண்டுவந்த சம்பந்தம். பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாக முடிவானது. சனிக்கிழமை அத்தை வந்து, நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருப்பது தெரிந்தும் குரலைத் தணிக்காமல் சொன்னாள்.

"பெரியவள நாளைக்கு ஊட்ல வெச்சிக்காதீங்க. இவளப் பாத்தாங்கன்னா, சின்னவளும் நாளைக்கு இப்படித்தான் ஊதிடுவான்னு நெனப்பாங்க. நல்ல எடம், கெட்டுடப் போவுது."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகும் சத்தம் கேட்டது. அம்மா கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், நான் மடித்து வைத்த சேலையையே மறுபடி எடுத்து மடித்தாள்.

"நாளைக்கு உனக்கு வண்டி இருக்குதில்ல?"

"இருக்குதும்மா. ஞாயித்துக்கெழம லீவு கெடயாது."

"அதான் கேட்டேன்" என்றாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குத்தான் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. ஆட்டோக்காரன் சொன்னால் ஆட்டோவிலிருந்து இறங்கிவிடலாம். அம்மா சொன்னால் எங்கே இறங்குவது?

மறுநாள் பாண்டிச்சேரி மார்க்கெட்டில் மீனெல்லாம் விற்றுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் காலிக் கூடைகளோடு ஐந்து பெண்கள். முன்னால் என் பக்கத்தில் தலைவி. குழுவுக்கென்று வாங்கிய செல்போன் அவள் கையில் இருந்தது. அது அடித்தது. பேசிவிட்டு, "உன் தங்கச்சி" என்று நீட்டினாள். வண்டியை ஓரங்கட்டினேன்.

"அக்கா, எங்க இருக்க?"

"ரோட்டுல. ஏன்டி, வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க. உன்னக் கேட்டாங்க. பெரியவ வெளியூரு போயிருக்கான்னு அத்த பொய் சொல்லுது. அம்மா தலையாட்டுது." அவள் குரல் அழுகையில் இல்லை, கோபத்தில் இருந்தது. "நான் பக்கத்து ஊட்டு செல்போன வாங்கிக்கிட்டு உள்ள கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். நீ வர்ற வரைக்கும் வெளிய வரமாட்டேன்."

"பைத்தியம் மாதிரி பண்ணாத. நான் மீன் நாத்தத்தோட இருக்கேன்."

"நாறட்டும். வா." போனை வைத்துவிட்டாள்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தலைவிக்கு எல்லாம் கேட்டிருந்தது. "இன்னா யோசன? வண்டிய எடு" என்றாள். "எங்கள எறக்கி வுட்டுட்டுப் போனா நேரமாயிடும். நேரா ஊட்டுக்கு வுடு. நாங்களும் மாப்ளயப் பாக்கறோம்."

எங்கள் தெருவில் குட்டி யானை நுழைந்தபோது வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் இரும்பைக்காரர்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பஜ்ஜி தீர்ந்து, இரண்டாவது காபியும் தீர்ந்து, என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த முகங்கள். எல்லாரும் வண்டியைப் பார்த்தார்கள். நான் கதவைத் திறந்து இறங்கினேன். சேலையின் கீழ்ப்பாதி மீன் தண்ணீரில் நனைந்திருந்தது. மாப்பிள்ளையின் அத்தையோ சித்தியோ ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். என் அத்தை ஓடி வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்ப ஏன்டி வந்த?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. தங்கை வந்தாள். கையில் தட்டு இல்லை. நேராக வந்து என் பக்கத்தில் நின்று, என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது எங்க அக்கா. வெளியூருக்கெல்லாம் போவல. வண்டி ஓட்டப் போயிருந்துது. நான் படிச்சது, இந்தப் பொடவ, எல்லாம் இது சம்பாதிச்சதுதான். நாளைக்கு நானும் இது மாதிரி குண்டாவலாம், ஆவாமலும் போவலாம். எனக்குத் தெரியாது. யோசிச்சிட்டுச் சொல்லுங்க."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குட்டி யானையின் பின்னால் நின்றிருந்த ஐந்து பெண்களும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்திருந்தான். பிறகு நிமிர்ந்து வண்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"லோடோட என்னா மைலேஜ் குடுக்குதுங்க?"

அவன் அம்மா, "டேய்!" என்றாள். எங்கள் தலைவி சிரித்துவிட்டாள். தங்கையும் சிரித்தாள். நான் மட்டும் ஒழுங்காக மைலேஜ் சொன்னேன்.

ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிப் போனார்கள். அப்படிச் சொல்லிப் போகிறவர்கள் சொல்லி அனுப்புவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேருஞ் சேந்து கெடுத்துட்டீங்க." தங்கை, "போனாப் போவட்டும்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். எனக்கு ராத்திரியெல்லாம் உறுத்தியது. என்னால் அவள் வாழ்க்கை கெட்டுவிட்டதோ என்று ஒரு பக்கம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சந்தோஷம் இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றையொன்று விடவில்லை.

அடுத்த வாரம் மாப்பிள்ளையும் அவன் அம்மாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு மண்ணில் உழைத்த கை. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"எங்க நாத்தனாரு இந்த எடம் வேணாம்னு சொல்லிட்டா. நானும் யோசிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். இவன்தான் சொன்னான். அக்காவ மறைச்சி வெச்சிக் கட்டிக் குடுத்திருந்தாத்தாம்மா நான் பயந்திருப்பேன், அந்தப் பொண்ணு முன்னாடியே கூட்டியாந்து காட்டிடுச்சில்லன்னான். எனக்கும் அது சரின்னு பட்டுது." பிறகு அம்மாவைப் பார்த்து, "நீங்க ஏன் பெரியவள மறைச்சீங்க? சம்பாதிச்சிப் போடற பொண்ணு" என்றார்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். காபி வர வெகுநேரம் ஆனது.

ஆவணியில் இரும்பை சிவன் கோயிலில் கல்யாணம். தங்கை கார் வேண்டாம் என்றாள். குட்டி யானையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பூச்சரம் தொங்கவிட்டிருந்தோம். பட்டுப் புடவையோடு அவள் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். பின்னால் சீர்வரிசைத் தட்டுகளோடு குப்பத்துப் பெண்கள், தலைவியின் தலைமையில். அவர்கள் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரருக்கு வேலை இல்லாமல் போனது. கோயில் வாசலில் நான் நிறுத்தியபோது இரும்பைச் சனம் மணப்பெண்ணைப் பார்ப்பதா, மணப்பெண்ணை ஓட்டி வந்தவளைப் பார்ப்பதா என்று குழம்பியது. நான் மெதுவாக இறங்கினேன். பார்க்கட்டும் என்றிருந்தது. புதிதாகத் தைத்த மாம்பழக் கலர் ஜாக்கெட், அதே கலரில் புடவை. டார்க் கலர் கட்டினால் ஒல்லியாகத் தெரிவாய் என்று அத்தை சொன்னதைக் கேட்கவில்லை.

தாலி கட்டி முடிந்து குடும்பத்தோடு போட்டோ எடுக்க நின்றோம். போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையாட்டினார். "நீங்க மட்டும் கொஞ்சம் பின்னாடி போயிடுங்கம்மா. ஃப்ரேம்ல நிக்கல."

பழக்கத்தில் என் கால் பின்னால் போகத் தொடங்கிவிட்டது. என் முழங்கையை ஒரு கை பிடித்தது. உப்பு வாரி வாரிக் காய்த்துப்போன கை.

"நீ பின்னாடி போப்பா" என்றாள் அம்மா போட்டோக்காரரிடம், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "அங்க நெறைய எடம் இருக்குது. எம்பொண்ணு இங்கதான் நிப்பா."

போட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, இரண்டு நாற்காலிகளை நகர்த்திவிட்டு, நாலு அடி பின்னால் போய் நின்று எடுத்தார். எல்லாரும் ஃப்ரேமுக்குள் வந்தோம். அந்தப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதில் அம்மா கேமராவைப் பார்க்கவில்லை, போட்டோக்காரரை முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

பந்தியில் மாப்பிள்ளையின் அம்மாவே எனக்குப் பரிமாறினார். விருந்து வீடுகளில் நான் எப்போதும் அரை வயிற்றோடு எழுந்துவிடுவேன், இலையை எண்ணுகிற கண்களுக்குப் பயந்து. அன்று மோருக்கும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தையிடம், "பாயசம் நல்லா இருக்குது அத்த, நீயும் வாங்கிக்கோ" என்றேன்.

சாயங்காலம் பெண்ணை விட்டுவிட்டுக் கிளம்பினோம். அப்பாவும் மற்றவர்களும் பஸ்ஸில் போனார்கள். தலைவி பின்னால் ஏறிக்கொண்டு, "பெரியம்மா, நீங்க முன்னாடி குந்துங்க" என்று அம்மாவைத் தள்ளிவிட்டாள். இத்தனை மாதங்களில் அம்மா அந்த வண்டியில் ஏறியதே இல்லை. ஒரு வேலை, ஒரு சாக்கு என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பாள். இப்போது ஏறி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி விறைப்பாக உட்கார்ந்தாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்ததும் நேர் ரோடு. வலது பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் வந்து வந்து போனது. அம்மா என் கால்களையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கியர் மாற்றும்போதெல்லாம் அவள் கண் அங்கே போகும். மரக்காணம் தாண்டி எங்கள் உப்பளங்கள் தெரிய ஆரம்பித்ததும், கம்பியைப் பிடித்திருந்த கையை விட்டாள்.

"எல்லாரும் இப்படித்தான் மெதுவா ஓட்டுவாங்களா?" என்று கேட்டாள்.

"நீ பயப்படுவியேன்னு பாத்தேம்மா."

"நான் ஏன் பயப்படறேன்? நீதான ஓட்டற." ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக் காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் வேகமாப் போயேன்."

போனேன்.